லோடு லைட் தானாக அணைய: சாவியா, டைனமோவா, ஹேண்ட் பிரேக்கா?

கோயம்பேட்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ ராத்திரி நேரம் மூட்டை ஏற்றும் குட்டியானைகளையும் பிக்அப் வண்டிகளையும் பாருங்கள். பலவற்றில் கேபினுக்குப் பின்னால், தொட்டியைப் பார்த்தபடி ஒரு எல்இடி விளக்கு இருக்கும், லோடு லைட் என்பார்கள். கம்பெனி கொடுத்ததல்ல, ஏற்றி இறக்க வெளிச்சம் வேண்டும் என்று வாங்கி மாட்டியது. லோடு ஏற்றி, பில் வாங்கி, தார்ப்பாய் இழுத்துக் கட்டிக் கிளம்பும் அவசரத்தில் அதை அணைக்க மறந்துவிடுவார்கள். பின்னால் வருபவர் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடிக்கும். பிரேக் விளக்கு அதில் கரைந்துவிடும். இருட்டான சாலையில் எதிரே ஒரு வண்டி வருகிறது என்றே தோன்றும்.

சட்டமும் இதை விடுவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 108-ஆம் விதிப்படி, வண்டியின் பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிற வெளிச்சம் தெரியக்கூடாது. இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு, பின்னால் எடுக்கும்போது எரியும் ரிவர்ஸ் விளக்கு, வண்டிக்குள் எரியும் விளக்கு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. லோடு லைட் அந்தப் பட்டியலில் இல்லை. நிற்கும்போது மட்டும் எரிந்து, வண்டி நகர்ந்தால் தானாக அணைய வேண்டும்.

அணைக்கும் வேலையை ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் மின்சுவிட்ச், செய்துவிடும். "வண்டி ஓடுகிறது" என்ற செய்தியை அந்த ரிலேவுக்கு எங்கிருந்து கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. எந்த வழியானாலும் முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: செய்தி கொண்டுவரும் ஒயர் அறுந்துபோனால் விளக்கு எரியுமா, அணையுமா? சரக்கு வண்டியில் ஒயர் ஒருநாள் அறுந்தே தீரும். கடைகளில் சாதாரணமாகப் போட்டுத்தரும் வழி இந்தக் கேள்வியில் தோற்றுப்போகிறது.

சாவியிலிருந்து எடுப்பது

ஐந்து கால் ரிலே ஒன்று போதும். கால்களின் எண்கள் ரிலேயின் அடியிலேயே அச்சடித்திருக்கும். 85, 86 காயில், கரண்ட் வந்தால் காந்தமாகி உள்ளே இருக்கும் பாயின்டை இழுக்கும் கம்பிச்சுருள். 30 பொதுப் பாயின்ட். காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது 30-உம் 87ஏ-யும் சேர்ந்திருக்கும்; கரண்ட் வந்தால் 30 அங்கிருந்து விலகி 87-ஐத் தொடும்.

பேட்டரியிலிருந்து பியூஸ், சுவிட்ச் வழியாக 30-க்கு. 87ஏ-யிலிருந்து விளக்குக்கு. சாவி போட்டால் கரண்ட் வரும் இக்னிஷன் ஒயர் 86-க்கு. 85 பாடி எர்த். சாவி போட்டதும் ரிலே இழுத்து விளக்கை அணைத்துவிடும். அரை மணி நேர வேலை, வண்டியின் சொந்த ஒயரிங்கில் ஒரே ஒரு இடத்தில்தான் கை வைக்கிறோம், நிறுத்திவைத்திருக்கும்போது காயில் கரண்ட் குடிப்பதும் இல்லை. இதனால்தான் எல்லோரும் இதையே போடுகிறார்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, இக்னிஷன் ஒயருக்குப் பதில் பாட்டுப்பெட்டிக்குப் போகும் ஆக்சசரி ஒயரைப் பிடிப்பது. செல்ஃப் அடிக்கும்போது (ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றும்போது) ஆக்சசரி லைனில் கரண்ட் நின்றுவிடும். அந்த ஒன்றிரண்டு நொடி ரிலே விட்டுவிட, விளக்கு பளிச்சென்று எரிந்து அணையும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்து, கரண்ட் நிற்காத ஒயரைத்தான் எடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை வேறு. இங்கே ரிலே வேலை செய்தால்தான் விளக்கு அணைகிறது. காயில் எரிந்தாலோ, 86 ஒயர் கழன்றாலோ, எர்த் துருப்பிடித்தாலோ, அந்த இக்னிஷன் பியூஸ் போனாலோ விளக்கு நடுரோட்டில் எரிந்துகொண்டே போகும். முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அது தெரியவே தெரியாது.

இன்ஜினை ஐடிலில் விட்டு லோடு ஏற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது உதவாது, சாவி போட்டிருந்தால் விளக்கே எரியாது. சாவியை எடுத்தால் மீண்டும் எரியும் என்பதையும் மறக்கக்கூடாது. 36 வாட் எல்இடி 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். சுவிட்சை ஆனில் விட்டபடி சாவியை எடுத்துக்கொண்டு தூங்கப் போனால், பத்து மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி காலி. 40 ஆம்பியர்-மணி பேட்டரி காலையில் செல்ஃப் அடிக்காது.

டைனமோவிலிருந்து எடுப்பது

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின், அதாவது ஆல்டர்னேட்டரின், சார்ஜிங் லைட் ஒயரில் (டி பிளஸ் என்றோ எல் என்றோ குறித்திருக்கும்) இன்ஜின் ஓடினால் சுமார் 14 வோல்ட் வரும். சாவி மட்டும் போட்டிருந்தால் ஓரிரண்டு வோல்ட்தான். அதை 86-இல் கொடுத்தால் இன்ஜின் ஓடும்போது மட்டும் விளக்கு அணையும்.

பழைய வண்டியில் இது ஒழுங்காக வேலை செய்யும். ரிலே காயில் இழுக்கும் 150 மில்லி ஆம்பியரை அந்த ஆல்டர்னேட்டர்கள் பொருட்படுத்தாது. பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த புது வண்டிகளில் அந்த ஒயரை இசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர் பாக்ஸ்) கவனிக்கும் மாடல்கள் உண்டு. அங்கே கூடுதலாக ஒரு காயிலைக் கட்டினால் சார்ஜிங் எச்சரிக்கை வந்து நிற்கும், பிறகு ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். இந்த வழியிலும் 87ஏ-தான், ஒயர் அறுந்தால் விளக்கு எரியும். சாவி வழியின் குறைகளில் எதுவும் தீராமல் புதிதாக ஒன்று சேர்வதால், இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

வேகத்தைப் பார்த்து அணைப்பது

கேட்க இதுதான் சரியான வழி போலத் தெரியும், ஓடுகிறதா இல்லையா என்பதை வேகத்தைவிட எது சொல்லும்? ஆனால் ஸ்பீடு சென்சார் ஒயரில் வருவது துடிப்பு. அதை நேராக ரிலேவுக்குக் கொடுக்க முடியாது, துடிப்பை எண்ணிப் பாயின்டை மாற்றும் தனி மாட்யூல் வேண்டும். கேபிளில் ஓடும் பழைய ஸ்பீடோமீட்டரில் அந்த ஒயரே இருக்காது. விதி 118-க்காகத் தனியாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிய சரக்கு வண்டியில் சென்சார் ஒயரைத் தொடவே தொடாதீர்கள். சீல் உடைந்தால் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கும் நேரத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஜிபிஎஸ் பார்த்து இயங்கும் ரிலேவில் வண்டி ஒயரிங்கைத் தொட வேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி. தகரக் கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்காது, வெளியே வந்த பிறகும் பிடிக்க நேரம் எடுக்கும். சிக்னல் இல்லாதபோது அந்தக் கருவி விளக்கை எரிய விடுகிறதா, அணைத்து வைக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

பின்கதவு திறந்தால் எரியும் சுவிட்ச் ஒன்றும் வழக்கில் இருக்கிறது. மூடிய கன்டெய்னர் பாடிக்கு நல்ல ஏற்பாடு. திறந்த தொட்டி வண்டியில் பைப்போ சவுக்குக் கட்டையோ ஏற்றினால் கதவைத் திறந்தபடியேதான் ஓட்டுவார்கள், அங்கே இது பயன்படாது.

ஹேண்ட் பிரேக்கிலிருந்து எடுப்பது

ஹேண்ட் பிரேக் லீவரின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. லீவரை இழுத்தால் ஒயரை எர்த் செய்து மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கை எரிய வைக்கும். இந்த எர்த்தையே ரிலே காயிலுக்கும் பயன்படுத்தலாம். அப்போது 87ஏ தேவையில்லை, 87-ஐ எடுக்கலாம். ரிலே இழுத்தால்தான் விளக்கு எரியும். ஒயர் அறுந்தால், காயில் எரிந்தால், பியூஸ் போனால் விளக்கு அணைந்தே இருக்கும். லோடு ஏற்றுபவர் முணுமுணுப்பார், சாலையில் யாருக்கும் ஆபத்தில்லை. இன்ஜின் ஐடிலில் ஓடினாலும் விளக்கு எரியும்.

குறை டிரைவரின் பழக்கத்தில் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு விளக்கே எரியாது. விளக்குக்காகவாவது லீவரை இழுப்பார்கள் என்றால் அதுவும் லாபந்தான்.

சிலர் ரிலேவே இல்லாமல் விளக்கின் எர்த் ஒயரை நேராக ஹேண்ட் பிரேக் சுவிட்சில் கட்டிவிடுவார்கள். மீட்டர் போர்டின் சின்ன பல்புக்காகச் செய்த பாயின்ட் அது. 3 ஆம்பியர் தொடர்ந்து போனால் கருகிவிடும். பிறகு ஹேண்ட் பிரேக் எச்சரிக்கை விளக்கும் எரியாது.

இன்னொரு குறையும் உண்டு. சுவிட்ச் ஆனில் இருந்தால், சுங்கச்சாவடியில் ஹேண்ட் பிரேக் போட்டதும் விளக்கு மீண்டும் எரியும். மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போதும் அதே கதை. இதற்கு சாதாரண சுவிட்சுக்குப் பதில் புஷ் பட்டன் போட்டு, ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும்படி கட்டினால் போதும். ஒருமுறை அழுத்தினால் எரியும். ஹேண்ட் பிரேக்கை விட்டால் அணையும். மறுபடி இழுத்தாலும், பட்டனை அழுத்தும்வரை எரியாது. இத்தனை வழிகளில் இதுதான் போடத் தகுந்தது.

கட்டும் முறை

வேண்டியவை: 12 வோல்ட் ரிலே, அதற்கு சாக்கெட், பிளேடு பியூஸ் ஹோல்டர், அழுத்தினால் மட்டும் சேரும் புஷ் பட்டன் ஒன்று, ஒரு சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச், 1என்4007 டயோடு மூன்று, டேஷ்போர்டில் வைக்க ரெசிஸ்டருடன் வரும் சின்ன 12 வோல்ட் எல்இடி. பெரிய லாரி 24 வோல்ட். அதற்கு 24 வோல்ட் ரிலேதான், 12 வோல்ட் காயிலை அதில் போட்டால் சூடேறிக் கருகும்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். அங்கிருந்து ஆன்-ஆஃப் சுவிட்ச், பிறகு 30. 87-இலிருந்து விளக்குக்கு ஒரு ஒயர், அதே 87-இலிருந்து 86-க்கு ஒரு சின்னத் துண்டு ஒயர். ரிலே பிடித்த பிறகு காயிலுக்குக் கரண்ட் கொடுத்துத் தாங்குவது இந்தத் துண்டுதான். புஷ் பட்டனின் ஒரு முனை 30-இல், மறுமுனை 86-இல். 85 ஹேண்ட் பிரேக் சுவிட்ச் ஒயருக்குப் போகிறது.

பட்டனை அழுத்தும் கணத்தில் விளக்கின் கரண்டும் அதன் வழியாகவே புறப்படும். எல்இடிக்கு அது பொருட்டல்ல. 55 வாட் ஹாலஜன் இரண்டு போட்டவர்கள் கொஞ்சம் கனமான பட்டனாக எடுப்பது நல்லது.

டயோடுகள்தான் இந்த வேலையின் உயிர்நாடி. டயோடு கரண்டை ஒரே திசையில்தான் விடும், கோடு போட்ட பக்கமாக வெளியேறும்படி. முதலாவது காயிலின் குறுக்கே, வெள்ளிக்கோடு 86 பக்கம். காயில் விடும்போது எழும் எதிர்வோல்டேஜ் ஹேண்ட் பிரேக் சுவிட்சின் பாயின்டைத் தின்னாமல் இது காக்கும். ரிலேவுக்குள்ளேயே டயோடு இருந்தால் மேல்மூடியில் படம் போட்டிருக்கும். அதில் 86, 85 மாறவே கூடாது.

இரண்டாவது 85-க்கும் ஹேண்ட் பிரேக் ஒயருக்கும் நடுவில், கோடு ஹேண்ட் பிரேக் பக்கம். இதைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். சாவி போட்டு லீவரை விட்டிருக்கும்போது மீட்டர் போர்டு பல்பு வழியாக வரும் கரண்ட் 85-இல் ஏறி, முதல் டயோடு வழியாக 86, 87 என்று போய் லோடு லைட்டில் இறங்கும். ஹேண்ட் பிரேக் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். முதல் டயோடும் இல்லாமல் ஹாலஜன் விளக்கோடு கட்டியிருந்தால், காயில் இழுப்பதும் விடுவதுமாக ரிலே டகடகவென்று அடிக்கவும் கூடும். "ரிலே டூப்ளிகேட்" என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது, மீட்டர் போர்டிலிருந்து ஹேண்ட் பிரேக் சுவிட்சுக்கு வரும் ஒயரை சுவிட்சுக்கு அருகில் வெட்டி நடுவில் போட வேண்டியது. கோடு சுவிட்ச் பக்கம். நாம் எடுக்கும் இணைப்பு இந்த டயோடுக்கும் சுவிட்சுக்கும் இடையில் வர வேண்டும். இது இல்லாவிட்டால், சாவி எடுத்திருக்கும்போது பட்டனை அழுத்தியதும் காயிலின் கரண்ட் மீட்டர் போர்டு பல்பு வழியாக இக்னிஷன் லைனுக்குள் பின்வழியாகப் புகும். லீவர் இழுக்காமலே ரிலே பிடிக்கும், டேஷ்போர்டில் வேறு விளக்குகள் மினுக்கும். மீட்டர் போர்டில் பல்புக்குப் பதில் எல்இடி இருந்தால் தலைகீழ் வோல்டேஜில் அது போய்விடவும் கூடும். இந்த டயோடால் இன்னொரு நன்மையும் உண்டு. பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தால் எர்த் ஆகும் சுவிட்சும் இதே சிவப்பு விளக்கில்தான் சேர்கிறது. டயோடு இல்லையென்றால், ஓடும்போது ஆயில் குறைந்ததும் அந்த எர்த் காயிலைத் தாங்கிப் பிடிக்கும், லீவரை விட்டாலும் லோடு லைட் அணையாது.

எங்கே இதைச் செய்யக்கூடாது என்பதையும் ஒயரை வெட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஹேண்ட் பிரேக் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, சாவி போட்டு, அந்த ஒயருக்கும் பாடிக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சாதாரணப் பல்பு லைன், மேலே சொன்னபடி கட்டலாம். 5 வோல்ட் காட்டினாலோ எண் ஆடிக்கொண்டே இருந்தாலோ அதைக் கம்ப்யூட்டர் பாக்ஸ் படிக்கிறது, தொடாதீர்கள். அந்த வண்டிக்கு லீவரின் அடியில் தனியாக ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, 85-ஐ அதன் வழியாக எர்த் செய்யுங்கள். வேலை கூடும், ஆனால் இரண்டாவது, மூன்றாவது டயோடுகள் இரண்டும் தேவைப்படாது. இந்தச் சோதனைக்கு பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் கரண்டை கம்ப்யூட்டர் பாக்ஸ் தாங்காது.

ஒயர் கனம்: 36 வாட் எல்இடிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 5 ஆம்பியர் பியூஸ். 5 மீட்டர் ஓடினாலும் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள்தான். ஹாலஜன் 55 வாட் இரண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல் போகும். 2.5 சதுர மில்லிமீட்டரும் 15 ஆம்பியர் பியூஸும் வேண்டும். எர்த்தைத் தொட்டியின் தகரத்தில் அடிக்காதீர்கள். தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ரப்பரும் பெயிண்டும் துருவும்தான் இருக்கின்றன. தனி ஒயரை சேஸிஸ் வரை கொண்டுபோய், பெயிண்டைச் சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

டேஷ்போர்டு எல்இடியை 87-இலிருந்து எடுக்க வேண்டும், சுவிட்சிலிருந்து அல்ல. ரிலே பாயின்ட் ஒட்டிக்கொண்டால் எந்த ஏற்பாடும் விளக்கை அணைக்காது. அப்போது டிரைவருக்குச் சொல்ல இந்த ஒரு சின்ன விளக்குதான் இருக்கிறது, அவர் ஆன்-ஆஃப் சுவிட்சைத் தட்டி அணைத்துக்கொள்வார். ஹேண்ட் பிரேக் ஒயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால்? அப்போதும் லோடு லைட் விடாது, ஆனால் மீட்டர் போர்டின் சிவப்பு விளக்கும் லீவரை விட்ட பிறகு எரிந்துகொண்டே இருந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டியைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. சாவி எடுத்து, லீவர் இழுத்து, பட்டன் அழுத்தினால் எரிய வேண்டும். விரலை எடுத்த பிறகும் எரிய வேண்டும். அணைந்தால் 87-86 துண்டு ஒயர் இல்லை அல்லது லூஸ்.
2. லீவரை விட்டால் அணைய வேண்டும். திரும்ப இழுத்தால் எரியக்கூடாது.
3. சாவி எடுத்து, லீவரை விட்ட நிலையில் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியிருக்கும்வரை பட்டன் வழியாக லோடு லைட்டும் 87-இல் கட்டிய டேஷ்போர்டு எல்இடியும் எரியும், விரலை எடுத்ததும் அணைய வேண்டும். டேஷ்போர்டில் வேறு எந்த விளக்கும் எரியக்கூடாது. வேறு விளக்கு எரிந்தாலோ, விரலை எடுத்த பிறகும் லோடு லைட் எரிந்தாலோ மூன்றாவது டயோடு தலைகீழ் அல்லது ஷார்ட்.
4. சாவி போட்டு, லீவரை விட்டுப் பாருங்கள். சிவப்பு ஹேண்ட் பிரேக் விளக்கு முழுக்க அணைந்திருக்க வேண்டும். மங்கல் இருந்தால் இரண்டாவது டயோடைப் பாருங்கள். இதை இருட்டில்தான் பார்க்க முடியும்.
5. விளக்கு எரியும்போது ஹேண்ட் பிரேக் சுவிட்ச் கனெக்டரைப் பிடுங்குங்கள். அணைய வேண்டும். சாவி வழியில் கட்டிய வண்டியில் 86 ஒயரை இதேபோலப் பிடுங்கிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.
6. லீவரை ஒரே ஒரு பல் மட்டும் இழுத்துப் பாருங்கள். பாதி இழுத்த நிலையில் சுவிட்ச் எர்த் கொடுக்காவிட்டால் அதன் பிராக்கெட்டைச் சரிசெய்யுங்கள். இது லோடு லைட்டுக்காக மட்டுமல்ல. பாதி ஹேண்ட் பிரேக்கோடு ஓட்டி லைனர் தேய்வதும் இதனால்தான்.

மறந்துபோய் இரவு முழுக்க எரியவிடுவதை இந்த ஏற்பாடும் தடுக்காது. அதற்கு விளக்கு லைனில் டைமர் ரிலே ஒன்றைச் சேர்த்து, அரை மணிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்று இறக்கும் வண்டிக்கு அது தொல்லை, டிரைவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

டீ வண்டி, சாப்பாட்டு வண்டியில் இன்வெர்ட்டரை இப்படி அணைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 40 ஆம்பியர் ரிலேவின் வழியாக அதை விட்டால் பாயின்ட் ஒட்டிவிடும். ரிமோட் சுவிட்ச் உள்ள இன்வெர்ட்டராக வாங்கி, அந்த ரிமோட் ஒயரை மட்டும் இந்த ரிலே வழியாக எடுங்கள். வெங்காயம் விற்கும் மைக் செட்டுக்கு இதெல்லாம் வேண்டாம், அது ஓடும்போதுதான் கத்த வேண்டும்.